பட்டியல் சாதியினர் கிறிஸ்தவத்துக்கு மாறினால் சாதி போய்விடுகிறதே, பிறகு ஏன் சலுகை கேட்கிறார்கள்?

சான்றிதழில் போகும், ஊரில் போகாது. நீங்கள் நகரத்திலேயே வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். காலனியில் ஒரு திருவிழாவுக்கு இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

என் தாத்தா காலத்திலேயே நாங்கள் வேதக்காரர்கள் ஆகிவிட்டோம். எங்கள் ஊரில் மாதா சப்பரம் ஊர்த்தெருக்களை எல்லாம் சுற்றிவிட்டு, காலனி முக்கு வந்ததும் திரும்பிவிடும். நாங்கள் உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு அந்த முக்குக்குப் போய் நிற்க வேண்டும். அம்மாச்சி இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பக்கம் இடமே இல்லை. பழைய குழி ஒன்றைத் தோண்டி, கிடைத்த எலும்புகளைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் அவரை இறக்கினோம். குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் புல் மண்டிக் காலியாகக் கிடந்தது. சாமியாரிடம் கேட்டால், "ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்கப்பா" என்றார்.

எல்லாப் பங்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. என்னைப் படிக்க வைத்ததே கன்னியாஸ்திரிகள்தான். அதனால் சபையைப் பழிக்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்று சொல்லும் 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களைப் பட்டியலில் வைத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குக் கிடைப்பது பி.சி. சான்றிதழ். எஸ்.சி.க்கான 18 சதவீத இடஒதுக்கீடு இல்லை, தனித்தொகுதியிலும் நிற்க முடியாது.

அதுகூடப் போகட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்கு இல்லை. என் தம்பியை டீக்கடை வாசலில் சாதிப் பெயர் சொல்லித்தான் அடித்தார்கள். ஸ்டேஷனில் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சாதாரண அடிதடியாக எழுதிக்கொண்டார்கள். அடித்தவன் சான்றிதழ் பார்த்தா அடித்தான்? மதத்தைப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கலாம் என்று மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே சொல்லிவிட்டது. 2022-ல் மறுபடியும் ஓர் ஆணையம் போட்டார்கள். பட்டியலில் சேர்ப்பதற்கு நீங்கள் வைக்கும் பெயர் சலுகை. எங்களுக்கு இது பாதுகாப்பு.

சலுகை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கோட்டாவில் படித்த டாக்டரிடம் வைத்தியம் பார்ப்பீர்களா' என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்ந்த டாக்டரைப் பற்றி அதே ஆட்கள் ஒரு நாளாவது கேட்டிருக்கிறார்களா?