சினை உதிர்ந்ததற்குப் பவுடர் மருந்தல்ல

மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி கட்டி, ராட்சத நன்னீர் இறால் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பெட்டையின் வயிற்றில் மஞ்சளாக முட்டை வந்தது, மூன்றாம் நாள் எல்லாம் உதிர்ந்துவிட்டது. ஆணின் விந்துக்கு நீந்தப் பலமில்லை, இந்தப் பவுடரைத் தண்ணீரில் கலக்குங்கள் என்கிறார் ஏஜெண்ட். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். இறாலின் விந்தணு நீந்தவே நீந்தாது. அதற்கு வாலே கிடையாது. நோட்டீஸ் பலகையில் குத்தும் ஆணியைப் போல அகன்ற தலையும் ஒரு முள்ளும்தான். இல்லாத வாலுக்கு எந்தப் பவுடர் பலம் கொடுக்கும்?

பெட்டை ஓடு கழற்றி உடம்பு மெத்தென்று இருக்கும்போது, ஓடு கெட்டியான ஆண் தன் விந்தைப் பசைக்கட்டியாக அதன் நடைக்கால்களுக்கு நடுவே ஒட்டிவிடும். ஒரு நாளுக்குள் முட்டைகள் வெளியே வந்து, அந்தக் கட்டியை உரசிக்கொண்டு வயிற்றடிக்குப் போகும். விந்தணு அவற்றில் ஒட்டிக் கருவாவது அப்போதுதான். ஆண் சேராவிட்டாலும் பெட்டை முட்டையிடும்; அவை இரண்டு மூன்று நாளில் உதிரும். உங்கள் தொட்டியிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். மூன்று நான்கு பெட்டைக்கு ஒரு பெரிய ஆண் விடுங்கள். ஒளிந்துகொள்ள பைப் துண்டுகள் போடுங்கள். ஓடு கழற்றியதை வலைபோட்டுத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

சரி, கருவாகிவிட்டது என்றே வைப்போம். “சினை இறால் ஒன்று போதும், இனிக் குஞ்சு வாங்கவே வேண்டாம்” என்று அடுத்ததாக அதே ஏஜெண்ட் வருவார். நம்பாதீர்கள். ராட்சத இறாலின் குஞ்சுக்குக் கடல் உப்பில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். ஓடைத் தண்ணீரில் சில நாளில் செத்துவிடும். “பக்கத்து வீட்டில் பொரித்து வளர்ந்ததே” என்பீர்கள். அது செர்ரி இறாலாக இருக்கும். மீன் தொட்டிக் கடையில் விற்கும் சிவப்பு இறால், நன்கு வளர்ந்தும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அதன் விந்துக்கும் வாலில்லை, ஆனால் குஞ்சு முட்டைக்குள்ளேயே வளர்ந்து தாயின் உருவத்தோடு வெளிவருவதால் நன்னீரே போதும். அழகுக்கு வளர்க்கலாம், கறிக்கு உதவாது. செர்ரி இறாலைக் காட்டி ராட்சத இறாலை விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பயிற்சி வகுப்பு என்றால் தூரம் போக வேண்டும். மலையிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்டால் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைக்கும், அதுவும் தமிழில் இருக்குமென்று சொல்ல முடியாது. ஏஜெண்டுக்கு இந்த இடைவெளி போதும்.

இனி முட்டை வந்தால் நான்கு நாள் தொடாமல் பாருங்கள். ஒட்டியே இருந்து, பிறகு மஞ்சள் மங்கிச் சாம்பல் நிறமானால் கருவாகியிருக்கிறது. தண்ணீர் 28 பாகை செல்சியஸில் இருந்தால் பொரிக்க ஏறத்தாழ மூன்று வாரம். உங்கள் ஊர்க் குளிருக்கு இன்னும் இழுக்கும்.