'நிலா'ன்னு வச்சா பூண்டு வாசம் அடிக்கும்: ஜப்பான் பேருக்கு அர்த்தம் எங்க இருக்கு?

டோக்கியோல ஐடி வேலையில இருக்குற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். மனைவி ஜப்பான்காரங்க, அடுத்த மாசம் பொண்ணு பொறக்கப் போகுது. இவருக்கு 'நிலா'ன்னு வைக்க ஆசை, சொன்னதும் அவங்க விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. சரி ஜப்பான் பேரே வைப்போம்னு நெட்ல தேடுனா 'யுகி', 'மினா'ன்னு எதை எடுத்தாலும் சைட்டுக்கு ஒரு அர்த்தம். நடுவுல ஒரு பேர் ஜோசியர், எழுத்துல எத்தனை கோடு இருக்குன்னு எண்ணிப் பேர் தர்றேன், முப்பதாயிரம் யென் குடுங்கன்றாராம். குடுக்கலாமா?

குடுக்காதீங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல அந்தச் சிரிப்பு. அவங்க பாஷையில 'ல' கிடையாது, எல்லாத்துக்கும் 'ர'தான். நிலா அங்க 'நிரா' ஆயிடும், நிரான்னா கியோசான்ற கொழுக்கட்டைக்குள்ள பொடிசா நறுக்கி வைப்பாங்களே, பூண்டு வாசம் அடிக்கிற பச்சைக் கீரை, அது. பொண்ணு ஸ்கூல்ல படாத பாடு படும்.

இப்ப அர்த்தம். அங்க பேருக்கு அர்த்தம் சத்தத்துல இல்ல, எழுதுற எழுத்துலதான். ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா அர்த்தம் இருக்குற சீன எழுத்து அது, கான்ஜின்றாங்க (நம்ம கஞ்சி இல்ல). யுகியைப் பனிக்கான எழுத்துல எழுதுனா பனி, பாக்கியத்துக்கான எழுத்துல எழுதுனா பாக்கியம். இதுல குறில் நெடில் வேற இருக்கு, 'யூகி'ன்னு நீட்டுனா அது தனிப் பேரு, தைரியம்னு அர்த்தம் வர்ற மாதிரியும் எழுதலாம். இங்கிலீஷ் சைட்டுங்க ரெண்டையும் ஒரே ஸ்பெல்லிங்ல போட்டுக் குழப்பி வச்சிருக்கு, தமிழ்ல எழுதிப் பாத்தாலே வித்தியாசம் தெரிஞ்சிடும். மினாவும் அப்படித்தான். வழக்கமா 'அழகு'ன்ற எழுத்தோட 'நா'ன்ற சத்தத்துக்காக இன்னொரு எழுத்தைச் சேப்பாங்க, அந்த ரெண்டாவது எழுத்துக்குப் பேர்ல பெருசா அர்த்தமே இல்ல, அது நாரா ஊர்ப் பேர்ல வர்ற எழுத்து. அதைப் பிச்சுப் போட்டு 'நாராவின் அழகு'ன்னு எழுதி வச்சிருக்கானுங்க.

பேஸ்பால் வீரர் இச்சிரோவைப் பாருங்க. இச்சிரோன்னா மூத்த பையன்னு எல்லா லிஸ்ட்லயும் போட்டிருக்கும். அவர் வீட்டுல ரெண்டாவது பையன்! மகனுக்கான 'ரோ' வேற, அவர் எழுதுற 'ரோ' கலகலப்புக்கான எழுத்து. லிஸ்ட் போட்டவன் எழுத்தைப் பாக்கவே இல்ல.

அடுத்து ஜோசியர். அங்க ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை கோடுன்னு எண்ணிப் பலன் சொல்றது ஒரு தொழில், நம்ம ஊர் நியூமராலஜிக்காரங்க ஒரு 'ஹெச்' சேத்து ஸ்பெல்லிங் மாத்துற மாதிரியேதான். 'ஹனா'ன்னு பூவுக்கான எழுத்தை எடுத்துக்கோங்க, மேல புல் மாதிரி ஒரு தலைப்பாகம் இருக்கும். அதை ஒருத்தர் மூணு கோடும்பார், பழைய முறைல எண்ணுறவர் நாலும்பார், இன்னொருத்தர் மூல வடிவம்னு ஆறும்பார். ஒரே பேருக்கு 7, 8, 10னு மூணு கணக்கு, மூணு பலன், மூணு பில்லு. நம்புற மாமியார் இருந்தா இலவச ஆப்ல எண்ணிக் காட்டிட்டுப் போங்க.

பதிவு சமாச்சாரம் வேற. பொறந்து 14 நாளுக்குள்ள நகராட்சி ஆபீஸ் கவுண்டர்ல பதியணும். குழந்தை அம்மாவோட குடும்பப் பதிவேட்டுல ஏறும், மிடில் நேம்னு ஒரு கட்டமே கிடையாது, உங்க இனிஷியலை மறந்துடுங்க. கான்ஜின்னா அன்றாட எழுத்து 2,136, பேருக்குன்னு கூடுதலா அனுமதிச்சது 863, அதுக்குள்ளதான் எடுக்கணும். லிஸ்ட்ல இருந்தாலும் எல்லாம் ஓகே ஆகாது, 1993ல டோக்கியோ பக்கம் ஒரு அப்பா பையனுக்கு 'அகுமா'ன்னு, அதாவது பிசாசுன்னு வைக்கப் போய் கோர்ட் வரைக்கும் போச்சு.

இதுல புதுசா ஒண்ணு, அதை மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்னா 'நிலா ஆசையை எப்படியாவது உள்ள நுழைச்சிடலாம்'னு யாராவது உங்களுக்கு ஐடியா குடுப்பான். முன்னெல்லாம் எழுத்து ஒண்ணு, வாசிக்கிறது ஒண்ணுன்னு இஷ்டத்துக்கு வச்சாங்க, நிலாவுக்கான எழுத்தை எழுதி 'ருனா'ன்னு, அதாவது லத்தீன்ல நிலாவான 'லூனா'ன்னு, வாசிச்சவங்க உண்டு. 2025 மே 26லேர்ந்து வாசிப்பும் பதிவேட்டுல ஏறுது, அது பொதுவா ஏத்துக்கக்கூடிய வாசிப்பா இருக்கணும். 'உயரம்'னு எழுதிட்டு 'குட்டை'ன்னு வாசிக்க முடியாது, 'தாரோ'ன்னு எழுதிட்டு மைக்கேல்னு வாசிக்க முடியாது, இதெல்லாம் அரசாங்கமே குடுத்த உதாரணம். கொஞ்சம் விசித்திரமா இருந்தா ஏன் இப்படின்னு விளக்கம் கேப்பாங்க. எது விசித்திரம்னு கவுண்டருக்குக் கவுண்டர் பதில் மாறலாம். தப்பாப் பதிஞ்சுட்டுப் பேரை மாத்தணும்னா குடும்ப நீதிமன்றம், தகுந்த காரணம்னு அலையணும்.

ஆசை நிலாதானே? 'மிஸுகி' வைங்க. அழகுக்கான எழுத்து, நிலாவுக்கான எழுத்து, ரெண்டும் சேந்தா 'அழகு நிலா'. அங்க இப்ப நல்லாப் புழங்குற பேரு, கவுண்டர்ல ஒருத்தரும் புருவம் தூக்க மாட்டாங்க. ஆனா 'மிஸுகி'ன்னு வாயால சொல்லிட்டு விட்டுடாதீங்க, அதே சத்தத்துக்கு வேற எழுத்து பத்து இருக்கு, ஒரு மரத்தோட பேரும் அதுதான். எந்த ரெண்டு எழுத்துன்னு முதல்லயே பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, ஃபார்ம்ல நீங்க கை வைக்காதீங்க, உங்க வீட்டம்மாவையே ஆஸ்பத்திரிலயே எழுதித் தரச் சொல்லி எடுத்துட்டுப் போங்க.