இணையப் பள்ளியும் பழைய டுட்டோரியலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலத்தில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். மனைவி மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். எங்கள் ஒரே மகள் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். அவளை இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்க்க ஆசைப்பட்டு விசாரித்தோம். வேன் கட்டணம் நீங்கலாகவே ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதே கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தை இணையத்தில் 60,000 ரூபாய்க்குக் கற்பிப்பதாக ஒரு நிறுவனம் இப்போது தொடர்ந்து அழைக்கிறது. இம்மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். பகலில் வீட்டில் என் தாயார் மட்டுமே இருப்பார். இந்த வழி சரிதானா? இதைவிடச் செலவு குறைந்த வழி ஏதும் உண்டா?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்,

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த அக்கா திருமணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்தபின், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் பி.ஏ. படித்தார். தபால்காரர் கொண்டுவந்து போடும் பாடக்கட்டு புரியாதபோது, பக்கத்துத் தெருவில் டுட்டோரியல் நடத்தியவரிடம் மாலையில் போய்க் கேட்டுக்கொள்வார். அவர் நன்றாகவே பாடம் நடத்தினார், கட்டணமும் குறைவு. ஆனால் அக்காவின் பட்டச் சான்றிதழில் இருந்தது பல்கலைக்கழகத்தின் பெயர். டுட்டோரியல்காரரின் பெயருக்கு அதில் இடமில்லை. டுட்டோரியல்காரரும் தம்மை ஒருபோதும் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொண்டதில்லை.

உங்களை அழைக்கும் நிறுவனம் தன்னைப் பள்ளி என்று சொல்லிக்கொள்கிறது. அது செய்யப்போவது டுட்டோரியலின் வேலையைத்தான். டுட்டோரியலில் குற்றமொன்றும் இல்லை. அதன் கட்டணத்தைப் பள்ளியின் கட்டணத்தோடு ஒப்பிட்டு மலிவு என்று நினைப்பதில்தான் பிழை நேர்கிறது.

கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐஜிசிஎஸ்இ தேர்வு 1988 முதல் நடக்கிறது. நம் ஊர்க் கணக்கில் அது ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குரியது. பள்ளியில் சேராதவரும் தனித்தேர்வராக அதை எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் கேம்பிரிட்ஜ் மாணவரிடமிருந்து நேரடியாக விண்ணப்பம் வாங்குவதில்லை. தனித்தேர்வர்களை ஏற்க முன்வரும் ஒரு பதிவுபெற்ற பள்ளியின் வழியாகவே எழுத வேண்டும். கட்டணம் பாடவாரியாகக் கணக்கிடப்படுவது; அதன்மேல் அந்த மையம் தன் பங்குக்கும் ஒரு தொகை கேட்கலாம். ஆய்வகம் இல்லாதவர்களுக்காக அறிவியல் பாடங்களில் செய்முறைக்கு மாற்றாக ஓர் எழுத்துத் தாள் இருப்பது உங்களுக்கு ஆறுதலான செய்தி. ஆண்டு முழுவதும் பள்ளியில் செய்து காட்ட வேண்டிய பாடப்பணி உள்ள பாடங்களைத் தனித்தேர்வர் தேர்ந்தெடுக்க இயலாது. ஆகவே 60,000 என்பது பாடம் கேட்பதற்கான விலை மட்டுமே. தேர்வுக் கட்டணமும், மையம் தொலைவில் அமைந்தால் ஒவ்வொரு தாளுக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்த் தங்கி வரும் செலவும் தனி. ஐபி எனப்படும் மற்றொரு பாடத்திட்டத்தில் இந்தத் தனித்தேர்வு வழியும் கிடையாது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்ந்தே படிக்க வேண்டும்.

இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வயது. உங்கள் மகள் சேரப்போவது ஆறாம் வகுப்பில். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஐஜிசிஎஸ்இ போன்ற பொதுத்தேர்வு கேம்பிரிட்ஜுக்கு இல்லை; அதன் பள்ளிகள் விரும்பினால் நடத்தும் செக்பாயின்ட் என்னும் தேர்வு மட்டுமே உண்டு. அந்த மூன்றாண்டுகளில் கட்டும் 1,80,000 ரூபாய்க்கு ஈடாக எங்கும் காட்டத்தக்க சான்றிதழ் எதுவும் கைக்கு வராது. நம் நாட்டிலுள்ள குறைந்த செலவு வழிகளும் ஏறக்குறைய அந்த வயதுக்குப் பிறகுதான் திறக்கின்றன. 1989இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், என்ஐஓஎஸ் என்கிறார்களே அதில், பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பியிருந்தால் போதும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ்கூடக் கட்டாயமில்லை. ஐந்து பாடங்கள் எடுத்தால் போதும், தமிழும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது; ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். இது மத்திய அரசின் வாரியம். இங்கே படித்தவர்களை நீட் தேர்விலிருந்து விலக்கிவைத்திருந்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. உங்கள் மனைவி செவிலியர் என்பதால், வீட்டில் என்றாவது மருத்துவப் படிப்புப் பேச்சு வரக்கூடும் என்று எண்ணி இதைக் குறிப்பிடுகிறேன். நம் மாநில வாரியத்தின் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. பன்னாட்டு நிறுவனத்தின் விளம்பரங்களைப் போல இவற்றுக்கு நிறம் இல்லை. செலவோ அவர்கள் கேட்பதில் ஒரு சிறு பங்குதான்.

இனி உங்கள் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிதத்தில் ஒரே வரியில் அவரைக் கடந்துவிட்டீர்கள். இணையப் பள்ளியின் உண்மையான வகுப்பாசிரியர் அவர்தான். பத்து வயதுப் பிள்ளை காலையில் கணினிமுன் அமர்ந்ததா, கேமராவை அணைத்துவிட்டு வேறு எதையாவது பார்க்கிறதா, கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்ததா என்பதை அருகிலிருந்து கேட்க ஒரு பெரியவர் வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த இருபது மாதங்களில் வாடிப்பட்டியிலிருக்கும் என் உறவினர் வீட்டுச் சிறுவன் தன் தாயின் கைபேசியில் வகுப்பைத் திறந்துவைத்துவிட்டுத் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பாட்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் ஏற்காத ஒரு வேலையை அவர் தலையில் வைக்கிறோம் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

நேரமும் ஒரு சிக்கல். ஆசிரியர்கள் இங்கிலாந்திலிருந்து நடத்தினால் அவர்களுடைய காலை ஒன்பது மணி குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் இரண்டரை. வகுப்பு முடியும்போது இருட்டிவிடும், தெருவில் விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்குள் போயிருப்பார்கள். ஆசிரியர்கள் இங்கிருந்தே நடத்தினால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை குறுக்கிடும். மின்சாதனக் கடைக்காரருக்கு இன்வெர்ட்டரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பள்ளியிலிருந்து விலக்குவதிலும் யோசிக்க இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் தண்டனை என்று எதையும் அது சொல்லவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆயினும், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறெந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளை, அரசின் கணக்கில் பள்ளி செல்லாக் குழந்தை. கணக்கெடுக்க வருபவர்கள் வீடு தேடி வருவார்கள். கேம்பிரிட்ஜ் என்று நீங்கள் சொல்வதை அவர்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்பது எனக்கும் வியப்புத்தான்.

என் கருத்து இதுதான்: எட்டாம் வகுப்பு முடியும்வரை மகள் இப்போதிருக்கும் பள்ளியிலோ அதைப் போன்ற வேறொன்றிலோ படிக்கட்டும். இன்டர்நேஷனல் பள்ளியிலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது நல்ல ஆங்கிலமும், மனப்பாடம் இல்லாத கணக்கும் அறிவியலும்தான் என்றால், அவற்றை மாலையில் ஒரு மணி நேரத்தில் பெற வழியுண்டு. கான் அகாடமி என்னும் இணையதளத்தில் கணக்கும் அறிவியலும் இலவசம். என்சிஇஆர்டி பாடநூல்களையும் நம் மாநிலப் பாடநூல்களையும் இணையத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்குச் சிறிய குழுவாக நடத்தும் இணைய வகுப்பு ஒன்றில் மட்டும் பணம் கட்டுங்கள். அங்கே பிள்ளை பேச வேண்டியிருக்கும், திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. உங்களுக்குக் கடை விடுமுறையான நாளில் மதுரை புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அவளை அழைத்துப்போங்கள். 2023இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து பேருந்துச் செலவு மட்டும்தான்.

மூன்றாண்டு கழித்து ஐஜிசிஎஸ்இயா, என்ஐஓஎஸ்ஸா, இருக்கும் பள்ளியே போதுமா என்று மகளையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுக்கலாம். இடைப்பட்ட காலத்தில் அந்த நிறுவனம் மறுபடி அழைத்தால், ஐஜிசிஎஸ்இ தேர்வை எந்த மையத்தில் எழுத வைப்பீர்கள், அந்த மையம் தனித்தேர்வர்களை ஏற்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அந்த மையத்தையே நேரில் தொடர்புகொண்டு விசாரியுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும்.

அன்புடன்