நானா விட்டேன்?

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு ஏற்காடு போகும்போது ஹெல்மெட் இல்லையென்று அடிவாரத்தில் அபராதம் போட்டார்கள். காவலர் ஒருமையில் வேறு பேசினார். என் தலை, என் விருப்பம் அல்லவா? தன்னாட்சி உள்ள மனிதன், அதாவது தன் செயலைத் தானே தீர்மானிக்கிறவன், எந்த அதிகாரத்துக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்கிறார் தத்துவவாதி ராபர்ட் பால் வுல்ஃப். நியாயமான அதிகாரம் என்று ஒன்று உண்டா?

ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

காவலர் பேசியது தப்பு. அதை விடுங்கள்.

வுல்ஃபை மேலோட்டமாகப் படித்திருக்கிறீர்கள். கட்டளையிட்டார்கள் என்பதற்காகவே கீழ்ப்படியாதே என்பதுதான் 1970இல் அவர் எழுதியது. யோசித்துப் பார்த்து, சரி என்று பட்டால் தாராளமாகச் செய்யலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிறவருக்கு யோசிக்க என்ன கேடு?

ஆனால் 'என் தலை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா நினைப்பு. குகைப் பகுதியில் தறி நெய்தவர். கூலி வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போவார். அவர் மனைவி, எங்கள் அம்மாயி சொல்லக் கேட்டது இது: சில்லறையைக் கேழ்வரகுப் பானைக்குள் முழங்கை வரை விட்டுப் புதைத்து வைப்பாளாம். அவர் பானையைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போவாராம். அவர் வாய், அவர் விருப்பம். சிந்திய கேழ்வரகை முறத்தில் அள்ளி, மண் போகப் புடைத்து, மறுபடி பானையில் போட்டவள் அவள்.

தன்னாட்சி பேசுகிறவர்கள் ஏன் எப்போதும் ஒற்றை ஆளாகவே வருகிறீர்கள்? உங்கள் மண்டை உடைந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரப்போவது நீங்களா? நீங்கள்பாட்டுக்கு நினைவில்லாமல் கிடப்பீர்கள்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் நம் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தது. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. கள் இறக்கியே பிழைத்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? நாமே யோசித்து நடப்பதைவிட, சொல்கிறபடி கேட்டால் நம் காரணங்களுக்கு இன்னும் பொருத்தமாக நடப்போம் என்றால் அந்த அதிகாரம் நியாயமானது என்பார் ஜோசப் ராஸ் என்ற இன்னொரு தத்துவவாதி. நல்ல வாதம்தான். அப்புச்சியிடம் சொல்லியிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போயிருப்பார்.

கடை மூடியதும் அவர் குடி நின்றது. கோபம் சாகும்வரை நிற்கவில்லை. "நல்லவேளை விட்டீங்க" என்று யாராவது சொன்னால், "நானா உட்டேன்? உட வச்சாங்க" என்பார்.

அடுப்படியிலிருந்து அம்மாயி குரல் வரும்: "எப்படியோ விட்டாச்சில்ல, சாப்பிட வாங்க."