கேளுங்க அண்ணாச்சி: எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு சத்தம்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஹோம் தியேட்டர் பற்றியவை. அதிலும் பாதிப்பேர் கேட்டிருப்பது, மெனுவில் 'ஸ்பீக்கர் லெவல்' என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது என்றுதான். இன்வெர்ட்டர், மிக்ஸி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, புதுசா ஒரு 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரையும் அடிச்சத்தத்துக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரையும் ஓட்டும் பெட்டி) வாங்கி பட்டாசலில் மாட்டியிருக்கேன். எல்லா ஸ்பீக்கருக்கும் லெவல் 0 என்றுதான் இருக்கு, அப்போ சமமாத்தானே கேக்கணும்? வலது பக்கம் பின்னாடி இருக்கிறது மட்டும் காதைக் கிழிக்குது, நடு ஸ்பீக்கர்ல பேச்சே விழ மாட்டேங்குது. (வாசகர், பாளையங்கோட்டை)

தம்பி, மெனுவில் எண்கள் சமமாக இருப்பதற்கும் உங்கள் காதில் சத்தம் சமமாக விழுவதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே அளவு கரண்ட் கொடுத்தாலும் ஒரு ஸ்பீக்கர் 86 டெசிபல் கொடுக்கும், இன்னொன்று 90 கொடுக்கும், அது அதன் பிறவிக் குணம். அப்புறம் தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும்; வீட்டுக்குள் சுவர்கள் திருப்பி அடிப்பதால் அவ்வளவு இறங்காது, ஆனால் இறங்கும். உங்கள் வலது பின் ஸ்பீக்கர் சோபாவுக்கு இரண்டடி பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது என்றும், இடது பக்கம் வாசல் இருப்பதால் அங்கே உள்ளது ஏழெட்டு அடி தள்ளிப் போயிருக்கிறது என்றும் நினைக்கிறேன். நம் ஊர் வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தான் அமையும். ஆக 0 என்பது கம்பெனிக்காரன் விட்ட இடம், அவ்வளவுதான். சரியாக வைத்து முடித்தபிறகு ஒன்று +2, ஒன்று -1, இன்னொன்று -4.5 என்று கோணல் மாணலாக நிற்கும், அதைப் பார்த்துப் பதறி மறுபடி 0-க்குக் கொண்டுபோகாதீர்கள்.

செய்யும் வழியைச் சொல்கிறேன். ஒரு சவுண்ட் லெவல் மீட்டர் வாங்குங்கள், விலை குறைந்ததே போதும், ஆனால் ஏ, சி என்ற இரண்டு வெயிட்டிங்கும் (ஏ அடிச்சத்தத்தை ரொம்பக் குறைத்துக் கணக்கிடும், சி அவ்வளவு குறைக்காது) மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சி-யில், ஸ்லோ-வில் (அளவு நிதானமாக மாறும் முறை) வையுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், மைக் மேலே கூரையைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். கையில் பிடிக்க வேண்டாம், உங்கள் உடம்பே சத்தத்தை மறிக்கும். கேமரா ஸ்டாண்ட் கிடைத்தால் நல்லது. ஃபேனை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறானே என்று திட்டுவீர்கள், அதற்குத்தான் காலையில் வெயில் ஏறும் முன்னே செய்யச் சொல்வது. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் உள்ளவர்கள் ஆனி ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அளக்கவே வேண்டாம்.

இனி ரிசீவர் மெனுவில் டெஸ்ட் டோனைப் போடுங்கள். தூரத்திலிருந்து கேட்கும் குற்றாலத்து அருவி மாதிரி ஒரு இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். இடது முன் ஸ்பீக்கரில் தொடங்கி, மீட்டரில் 75 டெசிபல் வரும்வரை அதன் லெவலை ஏற்றி இறக்குங்கள். பிறகு நடு ஸ்பீக்கர், வலது முன், பின் இரண்டு, எல்லாம் அதே 75. அரை டெசிபல் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். சில ரிசீவர்கள் டோன் போட்டதும் மாஸ்டர் வால்யூமை, அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் பொதுவான சத்தத்தை, தானே 0-வில் வைத்துக்கொள்ளும் (இந்த 0 ஊமை அல்ல, கீழே சொல்லும் தியேட்டர் அளவு), சிலதில் நாம்தான் வைக்க வேண்டும்.

75 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சினிமா தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்கு வைப்பது வழக்கம். ரிசீவருக்குள் இருக்கும் டோனை அதைவிட 10 டெசிபல் குறைத்துப் பதிந்திருப்பார்கள், வீட்டில் இவ்வளவு இரைச்சல் தாங்காது என்று. அதனால் இங்கே 75 வந்தால், மாஸ்டர் வால்யூம் 0-வில் படம் போடும்போது தியேட்டர் சத்தம், அதாவது உச்சத்தில் 105 டெசிபல் வரை. நம் பட்டாசலுக்கு அது ரொம்ப அதிகம், -20 பக்கம் வைத்துக் கேட்டாலே நிறைவாக இருக்கும். 75-ம் அதிகமாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் 70-க்கு வையுங்கள், ஸ்பீக்கர்களுக்குள் சமம் வந்தால் போதும்.

ஒன்று விட்டுப்போச்சு. ஸ்பீக்கர் 'ஸ்மால்' என்று போடுவது (அடிச்சத்தத்தை அதற்கு அனுப்பாமல் சப்வூஃபருக்கு விடுவது), கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகணும் என்பது; பெரும்பாலான வீடுகளுக்கு 80 ஹெர்ட்ஸ் சரி), தூரம், இந்த மூன்றையும் முதலில் முடித்துவிட்டு லெவலுக்கு வாருங்கள். பிறகு கிராஸ்ஓவரை மாற்றினால் அளந்ததெல்லாம் திரும்ப அளக்கணும்.

கேள்வி: மீட்டருக்குப் பதில் செல்போன் ஆப் போதாதா? (வாசகர், தென்காசி)

ஐந்து ஸ்பீக்கர்களுக்குப் போதும். போன் காட்டும் எண் உண்மையான டெசிபலாக இருக்காது, ஆனால் ஐந்தையும் ஒரே மைக்தானே கேட்கிறது, தப்பும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக இருக்கும். சப்வூஃபருக்கு மட்டும் போனை நம்பாதீர்கள். பேச்சுக்காக வைத்த மைக் அது, அடிச்சத்தத்தைப் பல போன்கள் வேண்டுமென்றே வெட்டிவிடும். போதாததற்குப் பல ஆப்கள் ஏ வெயிட்டிங்கில்தான் திறக்கும். அதில் 50 ஹெர்ட்ஸ் சத்தம் 30 டெசிபல் குறைத்துக் காட்டப்படும். அதை நம்பி சப்பை ஏற்றிக்கொண்டே போனால் ஷோகேஸில் உள்ள பாத்திரம் பண்டமெல்லாம் ஆட ஆரம்பிக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, சப்வூஃபரிலேயே ஒரு வால்யூம் திருகு இருக்கு, ரிசீவரிலும் லெவல் இருக்கு. எதைத் திருகணும்? படத்துக்குப் படம் ஒரு மாதிரி இருக்கு, ஒண்ணுல அதிருது, ஒண்ணுல காணவே இல்லை. (வாசகர், அம்பாசமுத்திரம்)

இரண்டையும்தான், ஆனால் வரிசை உண்டு. முதலில் சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகைக் கடைசிவரை ஏற்றிவிடுங்கள் (சிலதில் 'எல்எஃப்இ' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், படத்தில் அடிச்சத்தத்துக்கென்றே தனியாகப் பதிந்த சேனலின் பெயர் அது; அதைப் போட்டால் போதும்). ஏற்கெனவே ரிசீவர் 80-இல் வெட்டித்தான் அனுப்புகிறது, இதுவும் ஒருதரம் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். வால்யூம் திருகைப் பாதியில் வையுங்கள். பிறகு ரிசீவரின் டோனைப் போட்டு மற்றவை போலவே 75-க்குக் கொண்டுவாருங்கள். முள் ஓர் இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும், நடுவாந்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவரில் லெவல் -12 வரை இறங்கியும் சத்தம் அதிகம் என்றால் சப்பின் திருகைக் குறைக்கணும். 0-க்கும் -6-க்கும் நடுவில் வந்து நின்றால் நல்லது. ரிசீவரில் ரொம்பக் குறைத்துவிட்டு சப்பில் ரொம்ப ஏற்றி வைத்தால் இன்னொரு தொல்லை: குறைந்த சத்தத்தில் படம் பார்க்கும்போது போதிய சிக்னல் வரவில்லை என்று சப் தானாகவே அணைந்துவிடும். 'காணவே இல்லை' என்று நீங்கள் சொல்வது இதுவாகவும் இருக்கலாம், பச்சை விளக்கு சிவப்பாகிறதா பாருங்கள்.

எல்எஃப்இ சேனலுக்கு 10 டெசிபல் கூடுதல் உண்டு என்று எங்கோ படித்துவிட்டு சப்பை 85-க்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்தை ரிசீவரே உள்ளே சேர்த்துவிடுகிறது, நாம் இன்னொரு பத்து சேர்க்க வேண்டியதில்லை. ருசிக்கு இரண்டு மூன்று டெசிபல் கூட்டுவது உங்கள் இஷ்டம், நானும் கூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் பாதி லெவல் சம்பந்தப்பட்டதே இல்லை, இடம் சம்பந்தப்பட்டது. தாமிரபரணிக் கரையில் பழைய வீடு என்றால் தெருவிலிருந்து கொல்லை வரை நீளமாக இருக்கும். நீள அறையில் அடிச்சத்தம் சில இடத்தில் குவியும், சில இடத்தில் செத்துப்போகும். சோபா செத்த இடத்தில் இருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் பக்கத்து அறையில்தான் அதிரும். சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள், பாஸ் நிறைய உள்ள ஒரு பாட்டைப் போடுங்கள், பிறகு முன்சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டே போங்கள். எங்கே அடிச்சத்தம் கனமாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். வீட்டில் பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். மூலையில் சத்தம் கூடும் என்பது உண்மை, ஆனால் கூடுவது வேறு, தெளிவாக இருப்பது வேறு.

கேள்வி: ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஆட்டோமேட்டிக்கா அளந்தேன். சப்வூஃபர் எட்டடியில் இருக்கு, அது 13 அடின்னு காட்டுது. பொய்தானே? (வாசகர், மேலப்பாளையம்)

பொய் இல்லை, மாற்றாதீர்கள். ரிசீவர் டேப் வைத்து அளப்பதில்லை, சத்தம் வந்து சேர எடுக்கும் நேரத்தை அளக்கிறது. ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். சப்புக்குள் இருக்கும் ஃபில்டர்கள் சிக்னலைக் கொஞ்சம் தாமதமாக்கும். அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்கிட்டால் 13 வருகிறது. நீங்கள் எட்டு என்று திருத்தினால் அடிச்சத்தம் பிந்தி வரும். ஆடிஸி, யமஹாவின் வொய்பிஏஓ போன்ற தானே அளக்கும் முறைகள் எல்லாம் லெவலையும் தூரத்தையும் நன்றாகவே வைக்கும், ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று போட்டுவிட்டால் மட்டும் 'ஸ்மால்' ஆக்கிவிடுங்கள். மைக்கை சோபா மெத்தையில் படுக்கப்போட்டு அளந்திருந்தால் எல்லாம் வீண், காது உயரத்தில் நிறுத்தித் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் படம் போட்டா பேச்சு கேக்கலைன்னு சத்தத்தைக் கூட்டுவார், சண்டை வந்ததும் நான் ஓடிப்போய்க் குறைப்பேன். ரிமோட்டே தேய்ஞ்சு போச்சு. (வாசகி, நாங்குநேரி)

தங்கச்சி, முதலில் டிவியின் செட்டிங்கைப் பாருங்கள். டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் இணைப்பு) வழியாக ரிசீவருக்குப் போகிறது என்றால், டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருக்கலாம். அப்படி இருந்தால் ரிசீவருக்குப் போவது வெறும் ஸ்டீரியோ, நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக எதுவும் இல்லை. அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றுங்கள். படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அது டிவி மேஜையின் அடித்தட்டில் உள்ளே தள்ளி இருந்தால் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் ஒரு சின்னக் கட்டை கொடுத்துக் காதைப் பார்க்க நிமிர்த்துங்கள். மீட்டரில் சமமாக வைத்தபிறகும் போதாவிட்டால் நடு ஸ்பீக்கருக்கு மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டலாம், அதற்கு மேல் போனால் பேச்சு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ராத்திரி பார்க்க 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' என்று ஒன்று இருக்கும். அது பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னச் சத்தத்தைத் தூக்கும், உங்கள் ஓட்டம் பாதி குறையும்.

டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், காங்கிரீட் கூரை என்றால் பேச்சு எதிரொலித்துக் குழையும். பத்தமடைப் பாய் விரித்தால் போதுமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார்; மெல்லிய பாய் அந்த வேலைக்கு ஆகாது. கனமான ஜமக்காளமும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் போடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கடையில் அசெம்பிள் பண்ணின 5.1 ஆம்ப். டெஸ்ட் டோன் கிடையாது. (வாசகர், பேட்டை)

டால்பி டிஜிட்டல் 5.1-இல் பதிந்த டோன் ஃபைல்கள் இணையத்தில் கிடைக்கும், பென் டிரைவில் போட்டு ஓட்டுங்கள். ஆம்ப் அதை டிகோட் செய்யாவிட்டால், ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக விட்டு மற்றவற்றின் ஒயரைக் கழற்றி அளக்கலாம், ஆனால் கழற்றும்போது ஆம்பை ஆஃப் செய்துவிட்டுத்தான். அப்படியே சிவப்பு கறுப்பு ஒயரையும் சரிபாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மாறியிருந்தால் மீட்டர் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் தனித்தனியாக எல்லாமே 75 காட்டும். இடது, வலது ஸ்பீக்கர்கள் இரண்டும் சேர்ந்து பாடும்போதுதான் பாஸ் காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும்.

கேள்வி: நான் கோயில் கொடைக்கு மைக் செட் போடுறவன். பின்னாடி ரெண்டு ஸ்பீக்கரும் வேலையே செய்யலைன்னு வீட்ல சண்டை. 6 டெசிபல் ஏத்தி வச்சிருக்கேன், சரியா? (வாசகர், களக்காடு)

இறக்குங்கள். கொடையில் வில்லுப்பாட்டு கடைசி வரிசைக்கும் கேட்கணும், எல்லாப் பக்கமும் ஒரே சத்தம் போவது அங்கே சரி. படத்தில் பின் ஸ்பீக்கருக்கு மழை, கூட்டம், தலைக்கு மேல் போகும் விமானம் என்று அவ்வப்போதுதான் வேலை, பாதி நேரம் சும்மா இருக்கும்படியே பதிந்திருப்பார்கள். டோனில் சமமாக வந்தால் அது வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அதன் இடத்தைப் பாருங்கள்: காதுக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் லேசாகப் பின்தள்ளி இருக்கணும், நேர் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். சண்டை போடுகிறவர்களுக்கு டெஸ்ட் டோனைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: வளவு வீடு, சுவருக்கு அந்தப்பக்கம் பெரியப்பா குடும்பம். ராத்திரி சப் அதிருதுன்னு சத்தம் போடுறாங்க. ரப்பர் பேட் வச்சா நிக்குமா? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

மச்சில் மரத்தளத்தின் மேல் சப் இருந்தால் பேட் நன்றாக உதவும். தரையில் என்றால் பெரிய வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் அடிச்சத்தம் காற்று வழியாகவே சுவரைத் தாண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ரிசீவரில் சப் லெவலை மட்டும் 5, 6 டெசிபல் குறையுங்கள், பகல் லெவலை ஒரு சீட்டில் எழுதி ரிசீவருக்கு அடியில் ஒட்டி வையுங்கள். பொதுச்சுவரை ஒட்டி சப் இருந்தால் எதிர்ச்சுவருக்கு மாற்றிப் பாருங்கள், மாற்றிய பிறகு மீட்டரை எடுத்து சப்பை மட்டும் மறுபடி அளக்கணும்.