அமெரிக்காவில் நிலத்தைச் சும்மா போட்டு வைத்தால் விவசாயிக்கு அரசு பணம் தருமாமே, உண்மையா?

பணம் தருவது உண்மைதான். 'சும்மா' என்பதுதான் தப்பு. நீங்கள் கேட்பது 1985-இல் வந்த சி.ஆர்.பி. (Conservation Reserve Program) என்ற மண் பாதுகாப்புத் திட்டம். மழையிலும் காற்றிலும் எளிதில் மண் அரித்துப்போகும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகளுக்குச் சாகுபடியிலிருந்து விலக்கி, புல்லோ மரமோ வளர்ப்பதாக விவசாயி ஒப்பந்தம் போடுகிறார். அரசு ஆண்டுதோறும் குத்தகை மாதிரி ஒரு தொகை தருகிறது. அந்தந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மானாவாரிக் குத்தகை விலையையும் மண்வளத்தையும் வைத்துத்தான் தொகையைக் கணக்கிடுவார்கள். புல் விதைக்கும் செலவிலும் ஒரு பங்கு கிடைக்கும். அதற்காகக் களை மண்ட விட முடியாது. பாதியில் ஒப்பந்தத்தை முறித்தால் அதுவரை வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்!

1930-களில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள சமவெளி மாநிலங்களின் மேல்மண் புழுதிப்புயலாகப் பறந்துபோனது. மண்ணைக் காக்க அரசு பணம் செலவழிக்கத் தொடங்கியது அப்போதுதான். 1935-இல் அதற்கென்றே ஒரு துறை உருவானது.

சரி, பயிர் செய்துகொண்டே உதவி பெற வழி உண்டா? உண்டு, ஈக்விப் என்ற திட்டம். வேலி, பாசன மேம்பாடு, மண்ணைக் காக்க வளர்க்கும் மூடுபயிர் போன்றவற்றுக்கு ஆகும் செலவில் பொதுவாக 75 சதவீதம் வரை, புதிய விவசாயிகளுக்கு 90 சதவீதம் வரை கொடுப்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் அதற்குப் பணம் கிடைக்காது. அவசரக்காரர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், கவுண்டி அளவில் சி.ஆர்.பி. போன்ற திட்டங்களை மேற்பார்வையிடும் குழுவை அந்த ஊர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான்.