தம்பிக்குச் சொல்லிப் பழகிய ஓடிபி

கேள்வி: நான் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியை, வயது 46. என்னுடைய கிரெடிட் கார்டில் தம்பியும் இணையத்தில் பொருள்கள் வாங்குவான். கார்டின் இருபுறத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஓடிபி வந்தால் போனில் சொல்லிவிடுவேன். சென்ற மாதம் கூரியரிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், தம்பி பெயரில் வந்த பார்சலுக்கு ஓடிபி வேண்டும் என்றார். சொன்னேன், ரூ.18,400 போய்விட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு வெளிநாட்டு இணையதளத்தில், ஓடிபி எதுவும் வராமலே ரூ.29,900 போனது. இரண்டுமே தம்பி வாங்கியவை என்று நினைத்து, இரண்டாவது தொகை போன மூன்றாம் நாள்தான் வங்கிக்குச் சொன்னேன். பணம் திரும்ப வராது என்கிறார்கள், ஆண்டுக்கு ரூ.2,000 கட்டி ஒரு கார்டு பாதுகாப்புத் திட்டத்தில் சேரவும் சொல்கிறார்கள். சேரலாமா? கார்டில் தம்பியின் பாக்கி ரூ.70,000 இருக்கிறது, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன்.

பதில்: ஓடிபியை அந்நியரிடம் சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, அதை மாணவர்களுக்கே நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அப்படியிருந்தும் சொன்னதற்குக் காரணம், தம்பியின் பெயரைக் கேட்டதும் எண்ணைப் படித்துக் காட்டுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்ததுதான். ஓடிபி வரும் குறுஞ்செய்தியில் எவ்வளவு தொகை, எந்த வணிகருக்குப் போகிறது என்பதும் பெரும்பாலும் இருக்கும். வாங்குவது தாமாக இருந்தால் அந்த வரியில் கண் படும். பிறருக்காகப் படிப்பவர் எண்ணை மட்டுமே பார்க்கிறார். அதே பழக்கம்தான் புகாரையும் தாமதப்படுத்தியது. கணக்கிலிருந்து பணம் போன செய்தியைப் பார்த்தும் "தம்பிதான் ஏதோ வாங்கியிருப்பான்" என்று நாள்களைக் கடத்திவிட்டீர்கள்.

இனி, போன பணம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கியிடம் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். எனவே ரூ.18,400 திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ஆனால் ரூ.29,900 வேறு வகை. வங்கி இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதை ஏற்காதீர்கள். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்குப் பொறுப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள்களுக்குள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் ரூ.10,000 தான். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. இரண்டாவது தொகையைப் பொறுத்தவரை நீங்கள் மூன்று நாள்களுக்குள் வந்துவிட்டீர்கள். கார்டின் படத்தை அனுப்பியதைக் காட்டி வங்கி மறுக்கலாம். அந்த வாதத்துக்கு வலு இல்லாமலில்லை. இருந்தாலும், ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு இல்லாமல் நடந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆட்சேபிக்கத் தனிப் படிவம் உண்டு. அதைக் கேட்டு வாங்கி இன்றே கொடுங்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணில் இன்னும் புகார் பதியவில்லையென்றால் அதையும் செய்யுங்கள். வங்கி எழுத்தில் மறுத்தாலோ, 30 நாள்களில் பதிலே தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், அதற்குக் கட்டணமில்லை.

பாதுகாப்புத் திட்டம் வேண்டாம். கார்டை முடக்குவதையும், இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தனித்தனியே அணைத்து வைப்பதையும் வங்கியின் செயலியிலேயே காசில்லாமல் செய்யலாம். 2020 முதல் வங்கிகள் இந்த வசதியைத் தந்தே ஆக வேண்டும் என்பது விதி. நீங்களே படித்துக் காட்டிய ஓடிபியால் வந்த இழப்பை இந்தத் திட்டம் ஈடுசெய்யுமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள், விற்க வந்தவர் மறுமுறை வரமாட்டார்.

மோசடியில் போனதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்த ரூ.70,000 பாக்கிதான். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் வட்டி ரூ.2,450, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் ரூ.440, ஆக மாதம் ரூ.2,900. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது ரூ.3,500. அசலில் குறைவது வெறும் 600 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால், தள்ளுபடி விற்பனையில் தம்பி மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் தொகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உங்களிடம் 7 சதவீத வட்டியில் வைப்புத்தொகை இருந்தால் 70,000 ரூபாயை எடுத்து கார்டை முழுமையாக அடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கான சிறு அபராதம் நீங்கலாக, நீங்கள் இழப்பது மாதம் 410 ரூபாய்தான். வைப்புத்தொகை இல்லையென்றால் நகைக்கடன்கூட இதைவிட மலிவு. தம்பி மாதம் ரூ.5,000 வீதம் உங்கள் கணக்கில் போட்டால் 14 மாதத்தில் தீரும்.

ஆட்-ஆன் கார்டு, அதாவது உங்கள் கார்டுக் கணக்கிலேயே தம்பி பெயரில் ஒரு துணைக் கார்டு, வாங்கிக் கொடுக்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதில் தம்பி செய்யும் செலவுக்கும் கட்ட வேண்டியவர் நீங்கள்தான் என்பதால் அதுவும் கூடாது. கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், உங்களால் இழக்க முடிந்த ஒரு தொகையைப் பணமாக அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். அக்கா கொடுத்ததாக அது இருக்கட்டும். இப்போதுள்ள கார்டை முடக்கி, வேறு எண்ணுள்ள கார்டு கேளுங்கள். பழைய படத்தில் இருப்பது அப்போதுதான் செல்லாத எண்ணாகும். புதிய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்தே வையுங்கள். இணைய வரம்பை ரூ.5,000-க்குள் வைத்து, பெரிதாக ஏதாவது வாங்கும் நாளில் மட்டும் உயர்த்திக்கொள்ளுங்கள்.